வாலில் கட்டிய சிவப்பு நூல்

செலியமேட்டு ரோஸ்லினை ஏமாற்றி ஒரு பொருளை விற்றவன் இன்னும் பிறக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். பால் வாங்கினால் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால், வண்டியிலிருந்து இறக்குவதற்குள் தராசுக் கொக்கியோடு வாசலுக்கு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் உண்டியலில் காசு போட்டால்கூட, அது அடியில் விழுந்த சத்தம் காதில் பட்ட பிறகுதான் நகருவாள். சாமிக்கே அந்த மரியாதை என்றால் மனுஷர் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்த்த வேலையும் அவளுக்குத் தோதாக அமைந்துவிட்டது. நாற்று நட்டு, களை பறித்து, கரும்புத் தோகை உரித்து வளர்ந்தவள்தான். முப்பத்தெட்டாவது வயதில் வில்லியனூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். பதினோரு வருஷமாக அங்கே ஒரே வேலை. மருந்து அடைத்த பாட்டிலை வெள்ளை விளக்குக்கு முன்னால் பிடித்து, லேசாகக் குலுக்கி, உள்ளே தூசி தும்பு மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதந்தால் சிவப்புத் தட்டு, இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. சூப்பர்வைசரே அவள் சிவப்புத் தட்டில் வைத்ததைத் திரும்பப் பார்ப்பதில்லை. பதினோரு வருஷம் பாட்டிலில் தூசி தேடிய கண்ணுக்கு மனுஷர்களிடம் தூசி தென்படாமல் போகுமா?

அவள் புருஷன் அருள்தாஸ் இதற்கு நேர் எதிர். கரும்பு லாரி ஓட்டினவன். எவன் எதைச் சொன்னாலும் நம்புவான், எவள் எதைப் போட்டாலும் தின்பான். பீஃப் வறுவலும் பிராந்தியும் என்றால் ராத்திரி பகல் பார்க்க மாட்டான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில், பாகூர் ஏரிக்கரை ஓரம் லாரியை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை, பின்னால் வந்த டிராக்டர்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ரோஸ்லின் அழுத அழுகையை அந்த வார்டில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரே மகள் சுகன்யா கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். வீட்டில் இவள் ஒருத்தி, அவன் ஒருத்தன். அவன் போய்விட்டால் தான் யாரைச் சந்தேகப்பட்டு உயிர் வாழ்வது? இது நான் கேட்கிற கேள்வி, அவள் கேட்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கறியைக் குறைங்க. மீன் நிறைய குடுங்க. மீன்ல ஒமேகா மூணுன்னு ஒரு நல்ல கொழுப்பு இருக்கு, இதயத்துக்கு நல்லது. வறுக்காம குழம்பா வைங்க."

"எந்த மீனு டாக்டர்?"

பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். "நல்ல மீனா பாத்து வாங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த சீட்டை எடுத்தார். நல்ல மீனா பாத்து. ரோஸ்லின் அந்த மூன்று வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவள் நரம்பைக் குப்பத்துக் காசம்மாள். அறுபதை நெருங்கின மனுஷி. வாரத்தில் மூன்று நாள் மொபெட்டில் அலுமினிய அன்னக்கூடையைக் கட்டி, ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வருவாள். பெரும்பாலும் மத்தி, காரப்பொடி, கானாங்கத்தை. ரோஸ்லின் ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், காசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவாள். பதினைந்து வருஷப் பழக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் ரோஸ்லினின் போனில் ஒரு வீடியோ வந்தது. பிணத்துக்குப் போடுகிற மருந்தை மீனுக்கு அடிக்கிறார்கள், அப்படி அடித்த மீனில் ஈ உட்காராது, உஷார் என்று யாரோ ஒருவன் உச்சக்குரலில் கத்தினான். மறுநாள் காலையில் காசம்மாளின் கூடையைச் சுற்றி ஆறேழு பெண்கள். ரோஸ்லின் குனிந்தாள். ஒரு ஈ இல்லை.

"யக்கா, இன்னா உன் மீனுல ஒரு ஈயக் காணோம்?"

"ஈ இல்லன்னா நல்லதுதானடி?"

"நல்லதா? மருந்து அடிச்ச மீனுலதான் ஈ குந்தாது. எங்க வூட்டுக்காரரு இப்பத்தான் செத்துப் பொழச்சு வந்துருக்காரு. பொணத்துக்கு ஊத்துறத ஊத்தி எங்களுக்கு விக்கிறியா?"

காசம்மாளின் முகம் கறுத்துப்போனது. வாயைத் திறந்தாள், அதற்குள் பெண்கள் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு நகர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் சாக்கை இழுத்துக் கூடையை மூடினாள். "பதினஞ்சு வருசம் என் மீனத் தின்ன வாயிடி அது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் ஹார்ன் கேட்கவில்லை.

கடல் மீன் வேண்டாம் என்று ஆனபின், மீனுக்கு எங்கே போவது? அந்தச் சமயத்தில்தான் வீட்டுக் கொல்லையில் மீன் வளர்க்க அரசாங்கத்தில் தார்ப்பாய்த் தொட்டி கொடுத்தார்கள். ரோஸ்லின் படிவத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் கைநாட்டு இல்லாமல் கையெழுத்தாகவே போட்டாள். கொய்யா மரத்துக்கும் குளியலறைக்கும் நடுவே தொட்டி வந்தது. ஜிலேபி மீன் குஞ்சு முந்நூறு விட்டாள். தன் கண் முன்னால் தின்று, தன் கண் முன்னால் வளர்ந்து, தன் கத்தியில் அறுபடுகிற மீன். இதைவிட நல்ல மீன் எங்கே கிடைக்கும்?

கடையில் விற்கிற குச்சித் தீவனத்தை அவள் தொடவில்லை. எந்தக் கழிவை அரைத்துச் செய்கிறானோ, யாருக்குத் தெரியும்? செக்கில் போய் நின்று, தன் எதிரில் கடலை ஆட்டி எடுத்த மல்லாட்டைப் பிண்ணாக்கு. மில்லில் போய் நின்று அரைத்த மக்காச்சோள மாவு. அதோடு தவிடு. மூன்றையும் பிசைந்து உருண்டை பிடித்துக் காலையும் மாலையும் போட்டாள். தண்ணீரில் லேசாகப் பச்சை படர்ந்தால் அவளுக்குப் பொறுக்காது. பாசி என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் நோய். வாரம் இரண்டு முறை தண்ணீரைக் கொய்யாவுக்கு இறைத்துவிட்டு, தொட்டிச் சுவரைத் தென்னை நாரால் தேய்த்துப் போர்த் தண்ணீர் விடுவாள். அடியில் ஊசி விழுந்தாலும் தெரியும். அடுத்த தெரு ஆள் ஒருவர், "பாசிய ஏம்மா வழிக்கிற, மீனு அதத்தான தின்னும்" என்று சொல்லிப்பார்த்தார். தன் மீன் கொழுப்பதைப் பார்த்து அவருக்கு வயிற்றெரிச்சல் என்று ரோஸ்லின் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மீன் கொழுத்தது என்னவோ நிஜம். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் உள்ளங்கையைத் தாண்டியது. வயிற்றைக் கீறினால் மஞ்சளாய்க் கொழுப்பு. குழம்பு கொதிக்கும்போது மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் மிதக்கும். "பாத்தியா, இன்னா மாதிரி மெதக்குது! டாக்டரு சொன்ன ஒமேகா இதான்யா" என்று கரண்டியால் வழித்து அருள்தாஸின் சோற்றில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவன் எத்தனை துண்டு தின்கிறான், முள்ளோடு சதையையும் ஒதுக்குகிறானா, பாதியில் எழுந்திருக்கப் பார்க்கிறானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவன் கை கழுவிய பிறகுதான் அவள் தனக்குப் போட்டுக்கொள்வாள். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சாப்பிட்டு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது.

மாசி மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். போன முறை நூற்றுத் தொண்ணூறு இருந்த கொழுப்பு இப்போது இருநூற்று நாற்பது.

"என்ன சாப்பிடுறார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மீனுதான் டாக்டர், வாரத்துல அஞ்சு நாளு. நானே வளத்து, நானே ஆக்கிப் போடுறேன்."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அருள்தாஸைப் பார்த்தார். "வெளியில ஏதாவது?"

போதாதா! ரோஸ்லினுக்குள் சிவப்புத் தட்டு தயாராகிவிட்டது. பஸ்ஸில் ஏறும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. "எங்க போயி இன்னாத்த தின்னுட்டு வர? நான் கம்பெனிக்குப் போனதும் பீஃப் கடைக்குத்தான போற? குடிக்கிறியா?"

"அந்தோணியார் சத்தியமா நீ போடறதத்தான் தின்னுறேன் ரோசு."

"சத்தியத்தச் சாப்பாட்டுல போட்டுப் பெசஞ்சு தின்னுருவ நீ."

அன்றிலிருந்து அவன் சட்டைப் பையைத் துழாவினாள். வாயை முகர்ந்தாள். பீஃப் கடைக்கே போய், அவர் வந்தாரா என்று கேட்டுக் கடைக்காரரைச் சிரிக்கவைத்தாள். பாவம் அருள்தாஸ். சின்ன வயதில் எத்தனையோ பொய் சொன்னவன்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆறு மாதம் அவன் சொன்னது முழுக்க உண்மை. அதற்குத்தான் அவனுக்கு அதிகத் திட்டு விழுந்தது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவன், நடு வீட்டில் நின்று சொன்னான்: "இந்த நாப்பது நாளும் கறியில்ல, குடியில்ல. வேண்டிக்கினேன். தவக்காலத்துலயாவது என்ன நம்பு." அவள் கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்தாள். டாக்டர் சொன்னபடி சைக்கிள் மிதிக்கப் போவதாகவும் சொன்னான். அதற்கு, "எங்க போற, எப்ப வருவ?" என்று கேட்டாள்.

அந்த வாரத்தில்தான் வெண்ணிலா வந்தாள். காலேஜில் ஆராய்ச்சி படிக்கிற பெண், கையில் ஐஸ் பெட்டி. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஆளுக்கு இரண்டு மீன் வாங்கி, என்ன தீவனம் போடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு, மீனில் எந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகிறாளாம்.

"எங்க மீனு உனுக்கு இன்னாத்துக்கு? கொண்டுபோயி கொழம்பு வைக்கவா?"

"பரிசோதனைக்கும்மா. ரிசல்ட் வந்ததும் உங்களுக்கே காட்டுறேன்."

"அத்தன வூட்டு மீனும் ஒரே பொட்டியில போட்டா எது எவ வூட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"கவர்ல நம்பர் ஒட்டுவேம்மா."

"நம்பரு என்னா, இன்னிக்கு ஒட்டுவ, நாளைக்குப் பிரியும். மாறிப்போயி எவளோ ஒருத்தி வூட்டுச் சாக்கட மீன என் மீனுன்னுவ." உள்ளே போனவள் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்து வந்தாள். இரண்டு மீனின் வாலிலும் மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். "போட்டோ எடு. நூலு தெரியணும். அறுக்கறதுக்கு முன்னாலயும் எடுக்கணும்." வெண்ணிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் எடுத்தாள்.

தவக்காலம் நகர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். ரோஸ்லின் போக மாட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் பூனையும் திருடனும் தொட்டிக்கு வருவார்கள் என்பது அவள் கணக்கு. அருள்தாஸ் போவான். ஆறரைக்கு முடிகிற சிலுவைப்பாதைக்குப் போனவன் எட்டரைக்கு வருவான். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் அவள் கம்பெனியில் இருக்கும்போதும் சைக்கிள் வீட்டில் இருப்பதில்லை என்று பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள்.

ரோஸ்லின் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அவள் பார்த்தாள். சைக்கிள் மட்காட்டில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. செலியமேட்டில் ஏது வெள்ளை மணல்? சட்டைக் காலரைத் தூக்கி முகர்ந்தாள். பீஃப் வாசனை இல்லை, பிராந்தி வாசனை இல்லை. மீன் வாசனை, அதுவும் தன் தொட்டி மீனின் வாசனை இல்லை. முழங்கைப் பக்கம் ஒரு செதில். ஜிலேபியின் செதில் கெட்டியாக, தட்டையாக இருக்கும். இது மெலிசு, ஊதினால் பறக்கிறது, வெள்ளியாய் மின்னுகிறது. கடல் மீன். ரோஸ்லின் அதை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு மூடி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

யாரோ ஒருத்தி ஆக்கிப் போடுகிறாள். இவன் போய் உட்கார்ந்து தின்கிறான். கறி, குடி என்று சந்தேகப்பட்டபோது அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம்கூட வரவில்லை. தன் கையால் வளர்த்து, தன் கையால் ஆக்கிப் போட்டதை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டு வாசலில் தட்டை நீட்டுகிறான் என்றால், இத்தனை நாள் எதற்காக மாவு பிசைந்தோம்? கம்பெனியில் அந்த வாரம் இரண்டு நல்ல பாட்டிலைச் சிவப்புத் தட்டில் வைத்தாள். சூப்பர்வைசர் முதல்முறையாகத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நூற்று அறுபத்தெட்டு. டாக்டரம்மாவே நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப நல்லா குறைஞ்சிருக்கு. இதையே தொடருங்க."

எதையே? ரோஸ்லினுக்குக் குழப்பம். அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், தீப்பெட்டி ஒரு பக்கம். கடைசியில் சந்தோஷமே ஜெயித்தது. வீட்டுக்கு வந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். "பாரு, இதான் எம் மீனு. லேட்டா கேட்டாலும் கேட்டுது" என்று விருத்தாம்பாளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அருள்தாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெண்ணிலா ரிசல்ட்டோடு வந்தாள். தொட்டி ஓரமாக நின்று தாளைப் பிரித்தவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உங்க மீன்ல கொழுப்பு நிறைய இருக்கும்மா. ஆனா டாக்டர் சொன்ன ஒமேகா மூணு கொஞ்சமாத்தான் இருக்கு. அது ஒரு பங்குன்னா, ஒமேகா ஆறுன்னு இன்னொன்னு பதினாலு பங்கு."

"ஆறு பெருசா, மூணு பெருசா? ஆறுதான?"

"அப்படி இல்லம்மா. ஆறும் உடம்புக்கு வேணும், ஆனா அதை நாம சமையல் எண்ணெயிலயே தினம் தின்னுட்டுத்தான் இருக்கோம். மூணுதான் பத்தாது. மீன் அதைத் தானா அதிகமா உண்டாக்கிக்காது, தீனியிலேர்ந்து வரணும். பாசியில இருக்கு. பாசிய தின்னற பூச்சியில இருக்கு, அதை தின்னற மத்தியில நிறைய இருக்கு. நீங்க போடற மல்லாட்டையிலயும் சோளத்துலயும் இருக்கறது பூரா ஆறுதான். நீங்க எதைப் போட்டீங்களோ மீன் அதாவே ஆயிடுச்சு. பாசி இருந்தாலாவது கொஞ்சம் சேந்திருக்கும்..." என்று தொட்டியைப் பார்த்தாள். அன்று காலையில்தான் தேய்த்தது. அடித்தார்ப்பாயின் மடிப்புவரை தெரிந்தது.

ரோஸ்லினுக்கு மூக்கு விடைத்தது. "மாத்திட்ட! எவ வூட்டு மீனையோ பாத்துட்டு எம் பேரச் சொல்ற. எங்க வூட்டுக்காரருக்குக் கொறஞ்சுருக்குடி, சீட்டு இருக்கு! எம் மீனு நல்லதில்லன்னா எப்படிக் கொறையும்?"

வெண்ணிலா போனை எடுத்து நீட்டினாள். எஃகு மேஜை, பக்கத்தில் கத்தி, இரண்டு ஜிலேபி. வாலில் சிவப்பு நூல், மூன்று சுற்று, ரோஸ்லினின் முடிச்சு. அந்த முடிச்சை உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

ரோஸ்லின் திரையில் விரல் வைத்து மூன்று சுற்றையும் எண்ணினாள். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்தாள். கொய்யா மரத்தடியில் நின்றிருந்த அருள்தாஸின் உள்ளங்கையில் அதைக் கவிழ்த்தாள்.

"எம் மீனால கொறயல. அப்ப எதால கொறஞ்சுது? சொல்லு. இது எவ வூட்டு மீனு?"

அவன் செதிலைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"காசம்மா அக்கா வூட்டு மத்தி."

தொட்டியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். விபூதிப் புதன் அன்று ஃபாதர், யார் மனதையாவது நோகடித்திருந்தால் ஈஸ்டருக்குள் போய்ச் சமாதானம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றாராம். இவள் போக மாட்டாள் என்று தெரியும். சரி, பொண்டாட்டிக்காகப் புருஷன் போனால் என்ன என்று, முதல் வெள்ளிக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு நரம்பைக்குப் போனான். காசம்மாள் முதலில் திட்டினாள். திட்டி முடித்ததும், ஏழெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த நெஞ்சுவலிக்காரன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று ஒரு தட்டில் சோறும் மத்திக் குழம்பும் வைத்தாள்.

"வாயில வச்சா அப்படி இருந்துச்சு ரோசு. உன் மீனு... கோவிச்சுக்காத, வரவர மெழுகு மாதிரி ஆயிருச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? அங்க யாரும் என் வாயப் பாத்துக்கினு குந்தல. வாரத்துக்கு மூணு நாளு போயி தின்னேன். காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுது, வலை உதறிக் குடுத்தேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, வெஷம் தின்னுட்டு வந்தேன்னு சொல்லியிருப்ப. வாயில வெரல வுட்டு வாந்தி எடுக்க வச்சிருப்ப."

ரோஸ்லின் செய்திருப்பாள்தான்.

வெண்ணிலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மத்தியாலதான் குறைஞ்சுதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேம்மா. ஐயா குடிக்கல, சைக்கிள் மிதிச்சிருக்காரு, அந்தக் கொழுத்த குழம்பும் வாரத்துல மூணு வேளை குறைஞ்சிருக்கு. எல்லாம் சேந்துதான்." பிறகு தொட்டிக்கு என்ன செய்யலாம் என்று சொன்னாள். பாசியை வழிக்காதீங்க, தண்ணி லேசாப் பச்சையா இருக்கட்டும். சோளத்தைக் குறைச்சு, ஆளி விதையைப் பொடிச்சுச் சேருங்க. மத்தித் தலையும் குடலும் வீணாத் தூக்கிப் போடறது கிடைச்சா, வேகவச்சுக் காயவச்சுப் பொடி பண்ணி, மீன் பிடிக்கறதுக்கு முன்னால ரெண்டு மூணு மாசம் கலந்து போடுங்க. மறுபடி பாக்கலாம். ரோஸ்லின் தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அன்று அவள் சாப்பிடவில்லை. கட்டின புருஷன், உயிர் பிழைக்கத் தேவையான சோற்றைத் திருடன் மாதிரி ஒளித்துத் தின்றிருக்கிறான்; அதுவும் தனக்குப் பயந்து. ஊரெல்லாம் தூசி தேடிவிட்டு, தன் கையில் பிசைந்த உருண்டையை மட்டும் ஒரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் அவளைத் தின்றது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நரம்பைக்குப் பஸ் ஏறினாள். காசம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கூடை கட்டிக்கொண்டிருந்தாள். அடியில் ஐஸ், அதன்மேல் மத்தி, மத்திக்கு மேல் கொத்துக் கொத்தாக நொச்சி இலை, அதற்கும் மேலே ஈரச் சாக்கு. பக்கத்தில் ஒரு நொச்சிப் புதர் பாதி மொட்டையாக நின்றது.

ரோஸ்லின் அந்த இலையைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். "இதுக்குத்தான் ஈ வரலியாக்கா?"

"இத்தினி வருசமா இலய எடுத்துட்டுத்தான உங்க தெருவுல கூடைய வைப்பேன். இலை கீழ கெடக்கும், நீ மீனோட செவுளத்தான் பாப்ப. என்ன ஒரு வார்த்த கேட்டியாடி நீ?"

"தப்புதாங்க்கா. தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சுரு."

காசம்மாள் சாக்கை இழுத்துக் கட்டினாள். "எங்கூட்டு வாசல்ல வந்து காதோட சொல்லிட்டுப் போனா ஆயிப்போச்சா? உங்க தெருவுல ஏழு பொம்பளைங்க கேக்கக் கத்தின. நாலு தெரு வியாபாரம் போச்சு எனுக்கு. அங்க வந்து சொல்லு."

"சொல்றேன்."

"பாப்பம்" என்றாள் காசம்மாள். நம்பாத குரல். ரோஸ்லினுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும், அது அவளுடைய சொந்தக் குரல்தான்.

சனிக்கிழமை காலையில் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் ஹார்ன் கேட்டது. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், கிட்டே வரவில்லை. விருத்தாம்பாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ரோஸ்லின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கூடைக்கு முன்னால் நின்றாள். பதினோரு வருஷத்தில் சிவப்புத் தட்டில் வைத்த ஒரு பாட்டிலைக்கூட அவள் திரும்ப எடுத்ததில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். குரல் அவளே நினைத்ததைவிட உரக்க வந்தது. "அன்னிக்கு காசம்மா அக்கா மீனுல மருந்துன்னு நான் சொன்னது பொய்யி. நொச்சி எலை போட்டுக் கொண்டாறாங்க, அதான் ஈ வரல. அது தெரியாம கத்திட்டேன். எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு நல்லா இருக்காருன்னா அதுல இந்த மீனுக்கும் பங்கு உண்டு. தப்பு எம்மேலதான்."

காசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சாக்கை விலக்கினாள். ரோஸ்லின் ஒரு மத்தியை எடுத்தாள். பழக்கத்தில் விரல் செவுளுக்குப் போனது, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏய், தூக்கிப் பாரு" என்றாள் காசம்மாள். "பாக்காம வாங்காத, அப்புறம் அதுக்கும் ஒரு கத கட்டுவ."

விருத்தாம்பாள்தான் முதலில் சிரித்தது. ரோஸ்லின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. ஒரு கிலோ வாங்கினாள். தலையையும் குடலையும் தனியே ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தொட்டியை அவள் அந்த வாரம் தேய்க்கவில்லை. கை பரபரத்தது, தென்னை நாரை எடுத்து விருத்தாம்பாள் வீட்டில் கொடுத்துவைத்தாள். சிவப்பு நூலை மட்டும் கொடுக்கவில்லை. வெண்ணிலா மூன்று மாதம் கழித்து வருவாள், அப்போது வாலில் கட்ட வேண்டாமா?

மத்தியானம் குழம்பு இறங்கியது. அருள்தாஸ் உட்கார்ந்தான். அவள் அவன் தட்டில் மூன்று மத்தி வைத்தாள். அவன் வழக்கம்போலக் குனிந்துகொண்டு, அவள் எதிரே வந்து உட்காருவதற்காகக் காத்திருந்தான். அவள் இன்னொரு தட்டைக் கழுவி எடுத்து வந்து, தனக்கும் இரண்டு மத்தி போட்டுக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.